மேட்லேப்பில் மூன்று ஒய் அச்சுகள்: மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பநிலை மூன்றையும் ஒரே படத்தில் வரைவது எப்படி?

செல்சோதனை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்காக, 2.6 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள 18650 வகை லித்தியம் அயன் செல் ஒன்றை மின்னேற்றிப் பதிவு செய்த தரவை மேட்லேப் என்னும் கணிப்பு, வரைபட மென்பொருளில் வரைந்துகொண்டிருக்கிறேன். முதலில் 1.3 ஆம்பியர் மாறா மின்னோட்டத்தில் 4.2 வோல்ட் வரை ஏற்றி, பிறகு மின்னழுத்தத்தை அங்கேயே நிறுத்தி, மின்னோட்டம் 0.13 ஆம்பியருக்கு இறங்கும்வரை விட்டுவைக்கும் வழக்கமான முறைதான். முதல் கட்டம் ஏறத்தாழ 100 நிமிடமும் இரண்டாம் கட்டம் 50 நிமிடமும் எடுத்துக்கொண்டன. டேட்டா லாகர் 5 வினாடிக்கு ஒருமுறை மின்னழுத்தம், மின்னோட்டம், செல்லின் மேற்பரப்பு வெப்பநிலை ஆகிய மூன்றையும் பதிந்திருக்கிறது.

மூன்றையும் ஒரே அச்சில் போட்டால் 27 முதல் 31 டிகிரி வரை செல்லும் வெப்பநிலை மேலே எங்கோ நிற்க, மற்ற இரண்டும் அடியில் தட்டையான கோடுகளாகப் படுத்துவிடுகின்றன. ஒய்ஒய்ஆக்ஸிஸ் கட்டளையால் மின்னழுத்தத்தை இடப்பக்கமும் மின்னோட்டத்தை வலப்பக்கமும் வைக்க முடிந்தது. ஆனால் மூன்றாவது அச்சுக்கு அதில் இடமில்லை. ஆகவே அதன்மேல் பின்னணி நிறமில்லாத இன்னொரு அச்சுத்தொகுதியை அடுக்கி வெப்பநிலையை வரைந்தேன். அதன் பெட்டி கீழே உள்ள பெட்டியோடு சரியாகப் பொருந்தவில்லை; மவுஸால் பெரிதாக்கினால் வெப்பநிலைக் கோடு மட்டும் நகர்கிறது, மற்றவை அசையாமல் நிற்கின்றன; எந்தக் கோடு எது என்று காட்டும் லெஜண்டிலும் இரண்டு கோடுகள்தான் வருகின்றன.

இவற்றோடு இன்னொன்றும் கேட்க வேண்டும். கீழே நேரம் நிமிடத்தில் இருப்பதுபோல, மேலே ஏறிய மின்னூட்டத்தை ஆம்பியர்-மணியில் காட்டும் இரண்டாவது எக்ஸ் அச்சு வேண்டும் என்று என் வழிகாட்டி விரும்புகிறார். இதை எப்படிச் செய்வது?

அச்சுக்கோடு எழுதியது:

நீங்கள் சென்ற வழி தவறில்லை, வரிசைதான் மாறிவிட்டது. ஒய்ஒய்ஆக்ஸிஸ் 2016ஆம் ஆண்டின் முதல் வெளியீட்டில் பழைய பிளாட்ஒய்ஒய் கட்டளைக்கு மாற்றாக வந்தது. பழையது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அச்சுத்தொகுதிகளை வைத்தது. புதியது ஒரே அச்சுத்தொகுதிக்குள் இரண்டு ஒய் அளவுகோல்களை வைக்கிறது. அதனால்தான் அதில் பெரிதாக்கமும் லெஜண்டும் தொல்லையின்றி நடக்கின்றன, அதனாலேயே மூன்றாவதற்கு அதில் வழியும் இல்லை.

பெட்டிகள் பொருந்தாததற்குக் காரணம் இது. அச்சுப் பெயரையோ எண்களையோ சேர்க்கும்போது, அவை படத்துக்கு வெளியே போய்விடாதபடி மேட்லேப் உள்பெட்டியைத் தானாகவே சுருக்குகிறது. நீங்கள் இரண்டாவது அச்சுத்தொகுதியை உருவாக்கி, முதலாவதன் இடத்தையும் அளவையும் குறிக்கும் பொசிஷன் பண்பை நகலெடுத்த பிறகு, முதலாவதற்குப் பெயர் சேர்த்திருப்பீர்கள். அது சுருங்கியிருக்கும், நகல் பழைய அளவிலேயே நின்றிருக்கும். பெயர்கள், எண்கள், எழுத்தளவு எல்லாவற்றையும் முதலில் முடித்துவிட்டு, பொசிஷன் மதிப்பை நீங்களே எண்களாகக் கொடுங்கள். அப்படிக் கொடுத்தவுடன் மேட்லேப் உள்பெட்டியின் அளவை மாறாததாக எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு அடுக்குகள் நழுவாது. வலப்பக்கம் மூன்றாவது அளவுகோலுக்காக அகலத்தில் கால்பங்கையாவது காலியாக விட்டுவையுங்கள்.

மூன்றாவது அளவுகோலை வலப்பக்க அளவுகோலுக்கும் அப்பால் தள்ளி வைக்கப் பலர் செய்யும் தந்திரம், மேலடுக்கை அகலமாக்கி, அதன் எக்ஸ் எல்லையையும் அதே விகிதத்தில் நீட்டுவது. அது பார்வைக்குச் சரியாக இருந்தாலும், இரண்டு அடுக்குகளின் எக்ஸ் எல்லைகளும் வேறுவேறாகிவிடுவதால் லிங்க்ஆக்ஸஸ் கட்டளையால் அவற்றைப் பிணைக்க முடியாது. பெரிதாக்கியவுடன் நேரம் பிசகிவிடும். நான் செய்வது வேறு. வெப்பநிலைக் கோட்டுக்கு ஓர் அச்சுத்தொகுதி, அதன் அளவுகோலுக்கு மட்டும் இன்னொன்று என்று இரண்டாகப் பிரித்துவிடுவேன். முதலாவது அடியில் உள்ள பெட்டியின் அதே பொசிஷனில், பின்னணி நிறமும் அச்சுகளும் மறைக்கப்பட்டு, கோட்டை மட்டும் தாங்கி நிற்கும். இரண்டாவது, வலப்பக்கக் காலியிடத்தில், கிட்டத்தட்ட அகலமே இல்லாத ஒரு பட்டையாக, ஒய் அளவுகோலை மட்டும் காட்டும். கோட்டுப் பெட்டியை அடிப்பெட்டியோடு எக்ஸ் வழியாகவும், பட்டையை கோட்டுப் பெட்டியோடு ஒய் வழியாகவும் லிங்க்ஆக்ஸஸால் பிணைத்துவிட்டால், நேரத்தைப் பெரிதாக்கும்போது மூன்று கோடுகளும் சேர்ந்தே நகரும். செங்குத்துப் பெரிதாக்கம் மட்டும் மேலடுக்கை மட்டுமே பாதிக்கும். ஆகவே பெரிதாக்கத்தை எக்ஸ் திசைக்கு மட்டும் கட்டுப்படுத்திவிடுங்கள்.

லெஜண்டுக்கு ஓர் எளிய வழி உண்டு. அடிப்பெட்டியிலேயே, வெப்பநிலைக் கோட்டின் அதே நிறத்திலும் வடிவிலும், NaN என்னும் எண்ணல்லாத மதிப்பை மட்டும் கொண்ட ஒரு போலிக் கோட்டை வரையுங்கள். படத்தில் எதுவும் தெரியாது, லெஜண்டில் மட்டும் வரும்.

பின்னணிக் கட்டங்களைப் பற்றியும் ஒரு சொல். மூன்று அளவுகோல்களின் அளவுக்குறிகளும் வெவ்வேறு உயரங்களில் இருந்தால் படம் மீன்வலை போலாகிவிடும். எல்லைகளை நீங்களே தேர்ந்தெடுங்கள்: மின்னழுத்தம் 3.0 முதல் 4.2 வரை 0.2 இடைவெளியில், மின்னோட்டம் 0 முதல் 1.5 வரை 0.25 இடைவெளியில், வெப்பநிலை 26 முதல் 32 வரை 1 இடைவெளியில். மூன்றிலும் ஆறு பிரிவுகளே வருவதால் ஒரே கட்டம் மூன்றுக்கும் பொருந்தும்.

மேல் அச்சு எளிது. எக்ஸ் அச்சை மேலே வைத்த ஓர் அச்சுத்தொகுதியை அதே இடத்தில் அடுக்கி, அதன் எல்லையை 0 முதல் 2.6 வரை என்று கொடுத்துவிடுங்கள்.

கியர்பெட்டி எழுதியது:

மேலே சொல்லப்பட்ட நுட்பங்கள் பயன்படும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றில் இறங்குவதற்கு முன், மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருந்தாக வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளலாம் என்று எண்ணுகிறேன்.

என் துறை வாகன எஞ்சின் சோதனை. அங்கே ஒரே படத்தில் முறுக்குவிசையும் திறனும் சுழற்சி வேகத்துக்கு எதிராக வரையப்படும். அமெரிக்க அலகுகளில், அதாவது பவுண்டு-அடியிலும் குதிரைத்திறனிலும், இரண்டு அச்சுகளுக்கும் ஒரே எண் எல்லை கொடுத்து வரைந்தால், எந்த எஞ்சினாக இருந்தாலும் இரண்டு கோடுகளும் நிமிடத்துக்கு 5252 சுற்றுகளில் வெட்டிக்கொள்ளும். ஒரு குதிரைத்திறன் என்பது நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை. அதை 2π என்பதால் வகுத்தால் வருவதே அந்த 5252. எஞ்சினைப் பற்றி அந்த வெட்டுப்புள்ளி எதையும் சொல்லவில்லை. நியூட்டன்-மீட்டருக்கும் கிலோவாட்டுக்கும் மாறினால் அதே வெட்டுப்புள்ளி 9549 சுற்றுகளுக்குப் போய்விடும். பெரும்பாலான கார் எஞ்சின்கள் அந்த வேகத்தை எட்டுவதே இல்லை, ஆகவே கோடுகள் வெட்டிக்கொள்ளவே மாட்டா. வலப்பக்க அச்சின் எல்லையைச் சற்று மாற்றினால் வேறோர் இடத்தில் வெட்டும். இருந்தும், பணியில் சேரும் இளைஞர்களில் ஒருவராவது அந்த வெட்டுப்புள்ளியைச் சுட்டி, இங்கேதான் எஞ்சின் சிறப்பாக ஓடுகிறதா என்று கேட்காமல் இருந்ததில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இரண்டு கோடுகள் சந்தித்தால் கண் அங்கேதான் போகும்.

உங்கள் படத்திலும் இதுவே நடக்கும். மின்னோட்டம் இறங்கும்போது வெப்பநிலைக் கோட்டை எங்கோ வெட்டும்; அந்த இடத்துக்குப் பொருளே கிடையாது. வெப்பநிலை எல்லையை 26 முதல் 32 வரை வைத்தால் செல் கொதிப்பதுபோலத் தெரியும், 0 முதல் 60 வரை வைத்தால் ஒன்றுமே நடக்காததுபோலத் தெரியும். ஆனால் கிடையான இடம் அப்படியன்று: மூன்று கோடுகளுக்கும் நேரம் பொது. வெப்பநிலையின் உச்சம் எந்த நிமிடத்தில் வந்தது, மின்னழுத்தம் 4.2 வோல்ட்டைத் தொட்டது எந்த நிமிடத்தில் என்ற ஒப்பீட்டை எந்த எல்லைத் தேர்வாலும் கெடுக்க முடியாது. நீங்கள் காட்ட விரும்புவது அதுதான் என்றால், மூன்று பலகங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, எக்ஸ் அச்சைப் பொதுவாக்கி, கட்டம் மாறும் நிமிடத்தில் எக்ஸ்லைன் கட்டளையால் மூன்றிலும் ஒரு செங்குத்துக் கோடு போட்டால் போதும். அடுக்குகளை ஒட்டவைக்கும் வேலையே இராது. 2019ஆம் ஆண்டின் இரண்டாம் வெளியீடு முதல் இருக்கும் டைல்டுலேஅவுட் கட்டளையில் பலகங்களுக்கிடையே உள்ள வெளியையும் குறைத்துவிடலாம். வெறுமனே தரவைப் பார்ப்பதற்கென்றால் ஸ்டேக்டுபிளாட் ஒரே வரியில் இதைச் செய்துவிடும். ஆய்வேட்டில் அச்சிடுவதற்கு அதன் தோற்றத்தை விருப்பம்போல் மாற்றுவது கடினம் என்பதால் நான் அதைத் தவிர்ப்பேன்.

மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே பெட்டியில் இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஒன்று ஏறி நிற்கும்போது மற்றொன்று இறங்கத் தொடங்குவதுதான் அந்தச் சோதனையின் கதை. மேலும், மின்வேதியியல் படிப்பவர்களுக்கு அந்தத் தோற்றம் பழகிப்போனது.

எண்வழி எழுதியது:

அச்சுக்கோடு அவர்கள் இறுதியாகச் சொன்ன மேல் அச்சு பற்றிய ஆலோசனையை மட்டும் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். மேலே 0 முதல் 2.6 வரை சீராக எண்கள் இட்டால், மின்னூட்டம் நேரத்துக்கு நேர்விகிதத்தில் ஏறியது என்று படம் சொல்லும். முதல் 100 நிமிடத்துக்கு மட்டுமே அது உண்மை. அதன் பிறகு மின்னோட்டம் குறைந்துகொண்டே வருவதால், ஒவ்வொரு நிமிடமும் ஏறும் மின்னூட்டமும் குறைகிறது.

எண்களைப் போட்டுப் பாருங்கள். 1.3 ஆம்பியரில் 100 நிமிடம் என்றால் 2.17 ஆம்பியர்-மணி ஏறியிருக்கும். சீரான மேல் அச்சோ, 150 நிமிடத்துக்கு 2.6 என்ற கணக்கில், அதே இடத்தில் 1.73 என்று காட்டும். கட்டம் மாறிய தருணத்தில் செல்லில் எவ்வளவு மின்னூட்டம் இருந்தது என்பதுதான் அந்த மேல் அச்சைப் படிப்பவர் தேடப்போகும் முதல் செய்தி; அதிலேயே ஐந்தில் ஒரு பங்கு தவறு நேர்ந்துவிடும்.

சரியான வழி, மேல் அச்சின் எல்லையை நிமிடத்திலேயே வைத்துக்கொண்டு, அளவுக்குறிகளை மட்டும் உரிய இடங்களுக்கு நகர்த்துவது. மின்னோட்டத்தை கியூம்டிராப்ஸ் கட்டளையால் நேரத்தின்மீது தொகையிட்டு, நேரம் வினாடியில் இருந்தால் 3600ஆல் வகுத்தால், ஒவ்வொரு கணத்திலும் ஏறியிருந்த மின்னூட்டம் ஆம்பியர்-மணியில் கிடைக்கும். பிறகு இன்டெர்ப்1 கட்டளைக்கு மின்னூட்டத்தை உள்ளீடாகவும் நேரத்தை வெளியீடாகவும் கொடுத்து, 0, 0.5, 1.0 என்று 2.5 வரையான மதிப்புகள் எந்தெந்த நிமிடங்களில் வந்தன என்று கேளுங்கள். கிடைக்கும் நிமிடங்கள் எக்ஸ்டிக் பண்புக்கும், ஆம்பியர்-மணி எண்கள் எக்ஸ்டிக்லேபல் பண்புக்கும் போகும். 2.0 வரை குறிகள் 23 நிமிடத்துக்கு ஒன்றாகச் சம இடைவெளியில் அமையும், 2.0க்கும் 2.5க்கும் இடையிலான வெளி மட்டும் அகன்று தெரியும். இந்த அச்சின் எல்லையும் நிமிடத்திலேயே இருப்பதால், இதையும் லிங்க்ஆக்ஸஸில் சேர்த்துவிடலாம். பெரிதாக்கும்போது எண்கள் உரிய இடத்திலேயே இருக்கும்.

பைத்தான் மொழியில் மேட்பிளாட்லிப் என்னும் வரைபடத் தொகுப்பை வைத்து இதைச் செய்பவர்கள் இந்த இழையைத் தேடி வரக்கூடும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே ட்வின்எக்ஸ் முறையை இருமுறை அழைத்து, இரண்டாவதன் வலப்பக்க ஸ்பைனை, அதாவது அச்சுக்கோட்டை, வெளிப்புறமாக 60 புள்ளிகள் தள்ளிவிட்டால் மூன்றாவது அளவுகோல் வந்துவிடும்; பட்டை வேலை தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு இரட்டை அச்சுத்தொகுதியும் நிற வரிசையை முதலிலிருந்து தொடங்குவதால், நிறம் கொடுக்க மறந்தால் மூன்று கோடுகளும் ஒரே நீலத்தில் வந்து நிற்கும். லெஜண்டும் தனித்தனியாகவே வரும். ஒவ்வொன்றின் கோடுகளையும் பெயர்களையும் திரட்டி ஒன்றாகக் கொடுக்க வேண்டும். மேல் அச்சுக்கு 3.1 பதிப்பு முதல் செகண்டரி எக்ஸ்ஆக்ஸிஸ் என்னும் முறை இருக்கிறது. நேரத்திலிருந்து மின்னூட்டத்துக்கும் அதிலிருந்து மீண்டும் நேரத்துக்கும் மாற்றும் இரண்டு ஃபங்ஷன்களை அதற்குக் கொடுத்தால் குறிகளை அதுவே இடும். படத்தின் எல்லை தரவைத் தாண்டிச் சற்று நீளும் என்பதால், அந்த ஃபங்ஷன்கள் தரவுக்கு வெளியேயும் பொருத்தமான விடை தர வேண்டும். பைத்தானின் எண்கணிதத் தொகுப்பான நம்பையின் இன்டெர்ப் அங்கே கடைசி மதிப்பையே திரும்பத் திரும்பத் தருவதால், இரு முனைகளிலும் தரவைச் சற்று நீட்டிக்கொள்வது நல்லது.

அச்சுக்கோடு எழுதியது:

எண்வழி சொல்வது சரி. மேல் அச்சைப் பற்றி நான் எழுதியது, இரண்டு அலகுகளும் நேர்விகிதத்தில் இருக்கும்போது, எடுத்துக்காட்டாக நிமிடத்துக்கும் மணிக்கும், மட்டுமே பொருந்தும். மின்னோட்டம் மாறுகிறது என்று கேள்வியிலேயே எழுதப்பட்டிருந்தும் கவனிக்காமல் விட்டுவிட்டேன். என் பதிலின் இறுதிப் பத்தியை யாரும் பயன்படுத்த வேண்டாம்.

செல்சோதனை எழுதியது:

மூவருக்கும் நன்றி. பொசிஷனை எண்களாகக் கொடுத்தவுடன் அடுக்குகள் பொருந்திவிட்டன, போலிக் கோடும் லெஜண்டில் வந்துவிட்டது. ஆனால் அந்த மூன்று அச்சுப் படத்தை ஆய்வுக்கூட நண்பர் ஒருவரிடம் எதுவும் சொல்லாமல் காட்டியபோது, 110ஆவது நிமிடத்துக்கு அருகில் மின்னோட்டமும் வெப்பநிலையும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் விரலை வைத்து, இங்கே என்ன ஆயிற்று என்றுதான் முதலில் கேட்டார். ஆகவே கியர்பெட்டி சொன்னபடி இரண்டு பலகங்களாகப் பிரித்துவிட்டேன்: மேலே மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒய்ஒய்ஆக்ஸிஸில், கீழே வெப்பநிலை தனியாக, 100ஆவது நிமிடத்தில் இரண்டையும் ஊடுருவிச் செல்லும் ஒரு செங்குத்துக் கோடு. வெப்பநிலையின் உச்சம் அந்தக் கோட்டை ஒட்டியே வருவது இப்போது ஒரே பார்வையில் தெரிகிறது. வழிகாட்டியும் ஒப்புக்கொண்டுவிட்டார்.

மேல் அச்சில் ஒரு தடை வந்தது. இன்டெர்ப்1 கட்டளை, உள்ளீட்டுப் புள்ளிகள் ஒவ்வொன்றும் தனித்தனி மதிப்பாக இருக்க வேண்டும் என்று பிழை காட்டி நின்றுவிட்டது. தேடிப் பார்த்ததில், மின்னேற்றம் தொடங்குவதற்கு முன் 10 நிமிடம் செல்லை ஓய்வில் விட்டிருந்ததும் பதிவில் இருந்தது தெரிந்தது. அப்போது மின்னோட்டம் சுழி என்பதால் மின்னூட்டம் ஒரே மதிப்பில் நின்றிருக்கிறது. ஒரே மின்னூட்டத்துக்குப் பல நிமிடங்கள் விடையாக வந்தால் கட்டளை எதைத் தரும்? மின்னோட்டம் 0.05 ஆம்பியருக்கு மேல் இருந்த வரிசைகளை மட்டும் எடுத்துக்கொண்டவுடன் சரியாகிவிட்டது. இதே சிக்கலில் மாட்டுபவர்களுக்காகப் பதிந்து வைக்கிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி. இரண்டாம் கட்டத்தில் மின்னோட்டம் இறங்கும் விதத்தைத் தெளிவாகக் காட்ட, வலப்பக்க அச்சை மட்டும் மடக்கை அளவுக்கு மாற்றலாமா?

எண்வழி எழுதியது:

மாற்றலாம். வலப்பக்க ஒய் அளவுகோலின் ஸ்கேல் பண்பை மட்டும் லாக் என்று வைத்தால் இடப்பக்கம் நேர்கோட்டு அளவிலேயே இருக்கும். இறங்குமுகம் அடுக்குக்குறிச் சரிவுக்கு நெருக்கமாக இருந்தால் அந்தப் பகுதி ஏறக்குறைய நேர்கோடாகத் தெரியும், 1.3 ஆம்பியர் 0.13 ஆக, அதாவது பத்தில் ஒன்றாகக் குறைய 50 நிமிடம் ஆகியிருப்பதால், 50ஐ 2.3ஆல் (பத்தின் இயல் மடக்கை) வகுத்து, சரிவின் வேகத்தைக் குறிக்கும் நேர மாறிலி ஏறத்தாழ 22 நிமிடம் என்று படத்திலிருந்தே படித்துவிடலாம். கோடு நேராக இல்லாமல் வளைந்தால், ஒற்றை நேர மாறிலி போதவில்லை என்பதும் அதே படத்தில் தெரிந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஓய்வு நேரத்தில் மின்னோட்டம் சுழி. சுழிக்கும் எதிர்ம எண்ணுக்கும் மடக்கை அளவில் இடமில்லை என்பதால் அந்தப் புள்ளிகள் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடும். லாகரின் இரைச்சலால் சில மில்லி ஆம்பியர் நேர்மமாகப் பதிந்த புள்ளிகளோ படத்தின் அடிவரை குத்தி இறங்கும் முட்களாகத் தெரியும். எல்லையை 0.1 முதல் 2 வரை நீங்களே நிறுத்திவிடுங்கள். அடுத்து, நீங்கள் ஆறு ஆறாகப் பொருத்திவைத்த கட்டங்கள் இனி வலப்பக்கத்துக்குப் பொருந்தா; கட்டக்கோடுகளை இடப்பக்க மின்னழுத்தத்துக்கு மட்டும் விட்டுவிட்டு, வலப்பக்கம் 0.1, 0.2, 0.5, 1, 2 என்று எண்களை மட்டும் இடுங்கள். வலப்பக்கம் மடக்கை அளவு என்பதை அச்சுப் பெயரிலேயே எழுதிவிடுங்கள்; படத்தின் அடிக்குறிப்பில் எழுதினால் படிப்பவர் வளைகோட்டைப் பார்த்து முடித்த பிறகுதான் அதைக் காண்பார்.